டிரான்ஸ்பர் கேஸை மேல தூக்கின பிறகு வர்ற தொல்லைங்க: எந்த அறிகுறிக்கு எங்க கை வைக்கணும்

4 வீல் வண்டியில கியர்பாக்ஸ் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்கு பிரிச்சு குடுக்கற பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். வண்டி வயித்துல கல்லு இடிக்காம இருக்கணும்னு அதை தூக்கறது ரெண்டு விதமா நடக்குது. ஒண்ணு கிளாக்கிங், அதாவது இன்புட் ஷாஃப்டை மையமா வெச்சு கேஸை திருப்பி கீழ தொங்கிட்டிருக்கற முன்பக்க அவுட்புட்டை மேல கொண்டு வர்றது, கியர்பாக்ஸுக்கும் கேஸுக்கும் நடுவுல ஒரு ரிங் போட்டு செய்வாங்க. இன்னொண்ணு டம்மி டக், தொட்டி மாதிரி கீழ தொங்கற கிராஸ்மெம்பரை (கியர்பாக்ஸை தாங்கற குறுக்கு சட்டம்) கழட்டி வீசிட்டு தட்டையான ஸ்கிட் பிளேட் (அடியை காக்கற தகடு) மாட்டி, கியர்பாக்ஸோட வால் பக்கத்தையே மேல தூக்கறது. சில பேர் ரெண்டையும் சேத்தே பண்ணுவாங்க. கீழ படிக்கறதுக்கு முன்னாடி நீங்க பண்ணது எதுன்னு தெளிவா வெச்சுக்கோங்க, ஏன்னா ஒரே அறிகுறிக்கு அதுல ஒரு காரணம் இதுல ஒரு காரணம்.

என் வண்டியில ரெண்டும் பண்ணியிருக்கேன், அப்புறம் கூட்டாளிங்க வண்டிக்கு அடியில படுத்தே பல ஞாயித்துக்கிழமை போயிருக்கு. திரும்பத் திரும்ப வர்றது அதே ஏழெட்டு தொல்லைதான். கேஸை பிரிச்சு பாத்த வண்டிங்கள்ல பாதிக்கு மேல பிரிச்சிருக்கவே வேண்டாம், கோளாறு வெளியிலயே உக்காந்திருந்துச்சு.

எழுத்து பெரும்பாலும் ஜீப் ராங்ளர், செரோக்கில வர்ற என்பி231 மாதிரி செயின் வெச்ச பார்ட் டைம் கேஸை (வேணும்னப்ப மட்டும் முன் ஆக்ஸிலை சேக்கறது) மனசுல வெச்சுதான், வேற கேஸுக்கு எங்க மாறுமோ அங்க சொல்லிடறேன்.

## அடியில போறதுக்கு முன்னாடி

டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரல்ல இருந்தா கியர்ல போட்டு வெச்சாலும் ஆட்டோமேட்டிக்ல பார்க்ல போட்டு வெச்சாலும் வண்டி நிக்காது, உருளும். பின் ஷாஃப்டை, அதாவது கேஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு போற தண்டை, கழட்டினாலும் அதே கதை. லிங்கேஜ் (கேபின் லீவரையும் கேஸையும் சேக்கற ராடு) செக் பண்றேன்னு அடியில படுத்து லீவரை நியூட்ரலுக்கு தள்ளினவங்க மேலயே வண்டி ஏறின சமாச்சாரம் உண்டு. நாலு டயருக்கும் கட்டை வைங்க, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. கிராஸ்மெம்பரை அவுக்கறப்ப கியர்பாக்ஸ் வாலுக்கு தனியா ஜாக்கி குடுத்துட்டுதான் கடைசி போல்ட்டை தொடணும், அதுதான் மொத்த வெயிட்டையும் பிடிச்சிட்டிருக்கு.

## வேகம் ஏறினா அதிருது

இதுதான் அதிகமா வர்றது, அதனால இதுக்கு கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

### எந்த ஷாஃப்ட்னு பிரிங்க

முன் ஷாஃப்டை கழட்டி ஓரமா வெச்சுட்டு டூ வீல்ல ஓட்டிப் பாருங்க. அதிர்வு போயிடுச்சுன்னா குற்றவாளி முன் ஷாஃப்ட். "நான் 4வீல் போடவே இல்லையே, முன் ஷாஃப்ட் எப்படி அதிரும்"னு கேப்பாங்க. முன் ஆக்ஸில்ல டயரை ஷாஃப்ட்ல இருந்து பிரிச்சு விடற டிஸ்கனெக்டோ ஃப்ரீ வீல் ஹப்போ இல்லாத வண்டியில, உதாரணத்துக்கு 1997ல இருந்து 2006 வரைக்கும் வந்த ராங்ளர் டிஜேல, டூ வீல்ல போனாலும் டயர் சுத்தறப்ப முன் ஷாஃப்டும் கூடவே சுத்திட்டுதான் இருக்கும்.

அதிர்வு போகலன்னா முன்னதை மாட்டிட்டு பின்னதை கழட்டி 4 ஹைல (நாலு டயரும் இழுக்கற சாதா நிலை, 4 லோ அதோட மெதுவான, பலமான நிலை) மெதுவா ஓட்டிப் பாக்கலாம், ஆனா ஒரு விஷயம், பின்பக்கம் ஸ்லிப் யோக் (அவுட்புட் மேல முன்னும் பின்னும் சறுக்கற ஷாஃப்ட் முனை) இருக்கற கேஸ்ல ஷாஃப்டை உருவினா வால் வழியா ஆயில் கொட்டும், அந்த டெஸ்ட்டே வேணாம். அதே மாதிரி ஃபுல் டைம் கேஸ் (எப்பவும் நாலு டயரும் இழுக்கறது) வெச்ச வண்டியில சென்டர் டிஃப்பை (முன், பின் ஷாஃப்டுக்கு நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல்) லாக் பண்ணாம ஒரு ஷாஃப்டை கழட்டினா வண்டி நகராது, கேஸ் போச்சுன்னு பயந்துடாதீங்க.

### முன் ஷாஃப்ட்னா

கிளாக்கிங் பண்ணா முன் அவுட்புட் மேல போயிடும், ஷாஃப்ட் முன்னைவிட செங்குத்தா இறங்கும். கைக்கு வர்ற வரிசையில பாருங்க:

யூ ஜாயிண்ட் (ஷாஃப்ட் முனையில மடங்கற இணைப்பு) கிராஸை கையில பிடிச்சு ஆட்டுங்க. துளி ஆட்டம் இருந்தாலும் மாத்துங்க, பழைய ஆங்கிள்ல ஓடி பழகின கிராஸ் புது ஆங்கிள்ல சீக்கிரமே உயிரை விடும்.

கேஸ் பக்கத்துல இருக்கற, ரெண்டு யூ ஜாயிண்ட் சேத்த டபுள் ஜாயிண்ட்டோட நடுவுல ஒரு பந்து இருக்கும், அதுக்கு கிரீஸ் போகாம காஞ்சிருந்தா குருவி கத்தற மாதிரி ஒரு கீச்சு சத்தமும் அதிர்வும் சேந்து வரும். கிரீஸ் அடிச்சும் கீச்சு நிக்கலன்னா ஜாயிண்ட்டை புதுசா கட்டணும்.

இதெல்லாம் சரியா இருந்தும் அதிருதுன்னா ஆங்கிளே அதிகம். இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றது, முன் ஆக்ஸிலை திருப்பி பினியனை (ஷாஃப்ட் ஆக்ஸிலோட சேர்ற முனை) மேல தூக்கிடுவாங்க. அதிர்வு குறையும், ஆனா சாலிட் ஆக்ஸில்ல பினியனும் ஸ்டீயரிங் நக்கிளும் ஒரே துண்டு, பினியனை தூக்கின அளவுக்கு காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சோட சாய்வு) குறையும், அப்புறம் வண்டி ரோட்டுல குடிகாரன் மாதிரி அலையும். கேஸை ரிங்ல ஒரு ஓட்டை அளவு திரும்ப கீழ இறக்கி பாக்கறதுதான் என் சாய்ஸ், கல்லுல படுற உயரத்துல கொஞ்சம் போனாலும் பரவாயில்ல.

### பின் ஷாஃப்ட்னா

கிளாக்கிங் மட்டும்தான் பண்ணீங்கன்னா ஒரு நிமிஷம் யோசிங்க. என்பி231ல பின் அவுட்புட் இன்புட்டோட ஒரே கோட்டுல இருக்கு, கேஸை எவ்வளவு திருப்பினாலும் பின் அவுட்புட் அதே இடத்துலதான் நிக்கும். அப்போ பின் அதிர்வுக்கு கிளாக்கிங் நேரடி காரணமா இருக்க முடியாது. ரிங்கோட தடிமன் அளவுக்கு கேஸ் பின்னாடி போயிருக்கும், ஷாஃப்ட் அந்த அளவுக்கு நீளமாயிடுச்சு, ஸ்லிப் முழுசா அடிச்சு நிக்குதான்னு பாருங்க. இல்லன்னா ஷாஃப்டை கழட்டி மாட்டினப்ப ஸ்ப்ளைன்ல (ஷாஃப்ட் மேல இருக்கற பல்லு வரி) ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டீங்க, ரெண்டு முனை யோக்கும் (ஜாயிண்ட்டை பிடிக்கற கவை) ஒரே தளத்துல இல்லாம போச்சு. இது அஞ்சு நிமிஷ வேலை, காசு செலவே இல்ல. கழட்டறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்லயும் யோக்லயும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டிருந்தா இந்த வேலையே வந்திருக்காது.

டம்மி டக் பண்ணீங்கன்னா காரணம் பெரும்பாலும் ஆங்கிள். வாலை தூக்கினதுல ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்திருக்கு, ஒண்ணு ஷாஃப்டோட மேல் முனை உயர்ந்து சரிவு அதிகமாச்சு, ரெண்டாவது அவுட்புட் ஷாஃப்ட் முன்னாடி எந்த அளவு பின்பக்கமா சாஞ்சிருந்துச்சோ அந்த சாய்வு மாறிப்போச்சு. ஆங்கிள் மீட்டர் ஒண்ணு எடுத்து அவுட்புட், ஷாஃப்ட், பினியன் மூணையும் அளங்க, வண்டி டயர்ல நிக்கறப்ப அளக்கணும், ஜாக்கியில தொங்கறப்ப அளந்தா பிரயோஜனமே இல்ல.

ரெண்டு முனையிலும் ஒத்தை ஜாயிண்ட் (டபுள் இல்லாதது) இருக்கற ஷாஃப்ட்னா அவுட்புட்டும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம் வேண்டாம். ஜாயிண்ட் வேலை செய்யற ஆங்கிள் 3 டிகிரி பக்கம் இருந்தா நிம்மதி. சுத்தமா 0 ஆக்கணும்னு ஆசைப்படாதீங்க, ஜாயிண்ட் உள்ள இருக்கற ஊசி பேரிங் கொஞ்சமாவது உருளணும், இல்லன்னா ஒரே இடத்துல குழி விழுந்துடும்.

கேஸ் பக்கம் டபுள் ஜாயிண்ட் ஷாஃப்ட்னா கணக்கே வேற, பினியன் நேரா கேஸ் அவுட்புட்டை பாத்து நிக்கணும், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கறப்ப பினியன் கொஞ்சம் மேல எம்பும்ங்கறதுக்காக ஒண்ணு ரெண்டு டிகிரி கீழ விட்டு வைப்பாங்க, பிளேட் ஸ்பிரிங் வண்டியில ரெண்டு. இந்த ரெண்டு கணக்கையும் குழப்பிக்கிட்டு, டபுள் ஜாயிண்ட் ஷாஃப்டை வாங்கி மாட்டிட்டு பினியனை பழைய மாதிரி இணையாவே விட்டு வெச்சிருந்த வண்டியை பாத்திருக்கேன், அதிர்வு முன்னைவிட மோசம், ஷாஃப்ட் மேல பழி.

மிதிக்கறப்ப மட்டும் அதிர்ந்து காலை எடுத்ததும் நின்னா பினியன் ஆங்கிள் பக்கம் போங்க. மிதிச்சாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி, வேகத்தோட மட்டும் ஏறுதுன்னா ஷாஃப்ட் பேலன்ஸ்.

செலவு வரிசை: கிராஸ், அப்புறம் கன்ட்ரோல் ஆர்மையோ (ஆக்ஸிலை பிடிக்கற கை) ஷிம்மையோ (ஆப்பு தகடு) வெச்சு பினியன் ஆங்கிள், கடைசியா ஸ்லிப் யோக்கை எடுத்துட்டு ஃபிக்ஸட் யோக் கிட்டும் டபுள் ஜாயிண்ட் ஷாஃப்டும். குட்டை வீல்பேஸ் வண்டிக்கு டம்மி டக் பண்ணா இந்த கடைசி ஐட்டம் வேலையோட ஒரு பகுதின்னே வெச்சுக்கோங்க. கிராஸ்மெம்பருக்கு வாஷர் குடுத்து கேஸை ஒரு இன்ச் கீழ இறக்கற டிராப் கிட்டும் இருக்கு, மேல தூக்க பணம் செலவு பண்ணிட்டு கீழ இறக்கவும் செலவு பண்றதுக்கு எனக்கு மனசு வரல.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: ஷாஃப்டை குறைக்கறது, நீட்டறது, பேலன்ஸ் பண்றது. இதை வீட்டு வெல்டிங்ல பண்ணாதீங்க. ரோட்டு வேகத்துல ஷாஃப்ட் அறுந்தா ஃப்ளோரை கிழிச்சுக்கிட்டு உள்ள வரும்.

## 4 லோ விழல, இல்ல விழுந்துட்டு தெறிச்சு வெளிய வருது

உடனே "ஃபோர்க் (கேஸ் உள்ள கியரை தள்ளற கவை) தேஞ்சு போச்சு"ன்னு யாராவது சொல்லுவாங்க. காது குடுக்காதீங்க.

கேஸ் பக்கவாட்டுல ஷிஃப்ட் லீவர் ஒண்ணு இருக்கும், அதுல மாட்டியிருக்கற ராடை கழட்டுங்க. இஞ்சின் ஆஃப், பின் ஆக்ஸில் ஸ்டாண்ட்ல, முன் டயருக்கு கட்டை. இப்போ அந்த லீவரை கையால தள்ளுங்க, 2 ஹை, 4 ஹை, நியூட்ரல், 4 லோ, ஒவ்வொண்ணுலயும் டக்குனு உள்ள உக்கார்றது விரல்ல தெரியணும். லோல பல்லுக்கு பல்லு முட்டி நின்னா இன்னொரு கையால பின் ஷாஃப்டை லேசா திருப்பிக்கிட்டே தள்ளுங்க.

### கையால எல்லாம் சுத்தமா விழுது

அப்போ கேஸ் நல்லாருக்கு, லிங்கேஜ்தான். எங்கெங்க பாக்கணும்னா:

கேபின் உள்ள லீவர் அடிப்பாகம் ஃப்ளோர் ஓட்டையோட விளிம்புல முட்டுதா. டம்மி டக்குல கேஸ் மேல வந்ததும் லீவர் 4 லோக்கு முழுசா போறதுக்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாடியே விளிம்பு தடுத்துடும். பாதி பல்லுல நிக்கற கியர் ஏத்தத்துல லோடு வந்ததும் தெறிக்காம என்ன பண்ணும். விளிம்புல பெயிண்ட் உரசின இடம் தேடுங்க, பளபளன்னு தெரியும். ரப்பர் பூட் காஞ்சு கெட்டியா போயிருந்தாலும் இதே வேலையை காட்டும்.

ராடு நீளம். கேஸை திருப்பினா ஷிஃப்ட் லீவரும் கூடவே திரும்பிடுச்சு, பழைய நீளம் ஒத்து வராது. அட்ஜஸ்டர் இருந்தா கேஸை 4 லோல வெச்சு, உள்ள லீவரையும் 4 லோல வெச்சு, ரெண்டும் அந்த நிலையில இருக்கறப்ப ராடை டைட் பண்ணுங்க. 2 ஹைல செட் பண்ணா 2 ஹை மட்டும்தான் ஒழுங்கா விழும்.

நேர் ரோட்டுல ஓகே, வண்டி முறுக்கிக்கறப்ப மட்டும் தெறிக்குதுன்னா லிங்கேஜ் பிராக்கெட் பாதி பாடில, பாதி கியர்பாக்ஸ்ல மாட்டியிருக்கும். பாடி ஒரு பக்கம் இஞ்சின் ஒரு பக்கம் ஆடறப்ப ராடு கேஸ் லீவரை இழுத்துடுது. பாடி லிஃப்டும் (பாடியை சேஸிஸ்ல இருந்து தூக்கறது) போட்டிருந்தா இது கிட்டத்தட்ட நிச்சயம். கேபிள் ஷிஃப்டர் போட்டு இந்த தலைவலியை ஒரேயடியா முடிச்சேன், முதல்லயே போட்டிருக்கலாம்.

### கையாலயும் விழல, இல்ல விழுந்தும் ஓட்டறப்ப தெறிக்குது

லிங்கேஜை கழட்டி கேஸ்ல கையால 4 லோ போட்டு, உள்ள ஆளை வெச்சு சமதரையில மெதுவா நகத்திப் பாருங்க, நீங்க வெளிய வந்துட்டு. அப்பவும் தெறிச்சா ஃபோர்க் பேட், டிடெண்ட் ஸ்பிரிங் (கியரை இடத்துல பிடிச்சு வைக்கறது), ஸ்லீவ் பல்லு இதுல ஏதோ ஒண்ணு. இது கேஸ் பிரிக்கற வேலை, ஏற்கனவே பிரிச்சு பழக்கம் இல்லன்னா இங்க ஆளை கூப்பிடுங்க.

## ஆயில் கசியுது

என் மானம் போன கதை ஒண்ணு. டம்மி டக் பண்ணி ரெண்டு வாரத்துல பின் அவுட்புட் சீல் நனைஞ்சுது, மாத்தினேன். பத்து நாள்ல திரும்ப நனைஞ்சுது, வேற கம்பெனி சீல் வாங்கி மாத்தினேன். மூணாவது தடவை நனைஞ்சப்பதான் கேஸ் மேல இருந்து போற ப்ரீதர் ஹோஸை (உள்ள இருக்கற காத்து வெளிய போற குழாய்) உருவி வாய் வெச்சு ஊதிப் பாத்தேன், காத்து போகவே இல்ல. ஃப்ளோருக்கும் கேஸ் முதுகுக்கும் நடுவுல மாட்டி பாய் மடிச்ச மாதிரி நசுங்கி கெடந்துச்சு. சூடானா உள்ள பிரஷர் ஏறும், அது எங்க போகும், சீல் வழியாதான் வரும். ஹோஸை பக்கவாட்டுல சுத்தி எடுத்து விட்டேன், மூணாவது சீல் இன்னைக்கு வரைக்கும் காஞ்சே இருக்கு.

அதனால வரிசை இப்படி:

1. ப்ரீதரை ஊதிப் பாருங்க.

2. லெவல். கிளாக்கிங்ல இதை மறந்துடறாங்க. கேஸ் திரும்பினா ஃபில் பிளக்கும் இடம் மாறிடும். பிளக் மேல போயிருந்தா, வழியற வரைக்கும் ஊத்தினா ஓவர், ப்ரீதர் வழியா கக்கும். கீழ போயிருந்தா வழியறப்பவே குறைச்சல், அது இன்னும் மோசம், பேரிங் காயும். அளந்து ஊத்துங்க, என்பி231க்கு கிட்டத்தட்ட 1 லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). டானா 300 மாதிரி கியர்ல ஓடற கேஸுக்கு கியர் ஆயில், ரெண்டையும் மாத்தி ஊத்திடாதீங்க. என்பி231ல ஆயில் பம்புக்கு கேஸ் அடியில ஒரு சல்லடை உண்டு, கேஸை ரொம்ப திருப்பினா ஆயில் குளம் அந்த சல்லடையை விட்டு நகர்ந்துடும், ரிங் குடுத்தவங்க எத்தனை டிகிரி சொன்னாங்களோ அதோட நிறுத்துங்க.

3. கியர்பாக்ஸும் கேஸும் சேர்ற இடத்துல ஈரம். ரிங் ரெண்டு பக்கமும் சீலண்ட் சுத்தமா பிடிச்சிருக்கா, நட்டு எல்லாம் டார்க் ரெஞ்ச்ல ஏத்தினதா. கிளாக்கிங்ல மேல போன ஒரு நட்டுக்கு ஸ்பானர் போகாம விரல் டைட்லயே விட்டிருப்பீங்க, அந்த நட்டை தேடுங்க.

4. வெளிய சொட்டே இல்ல, ஆனா கியர்பாக்ஸ்ல லெவல் குறையுது, டிரான்ஸ்பர் கேஸ்ல ஏறுது. இன்புட் சீல் போச்சு. ஆட்டோமேட்டிக் வண்டியில ரெண்டு பக்கமும் சிவப்பு ஆயில்தான்ங்கறதால கலர் காட்டிக் குடுக்காது, ரெண்டு லெவலையும் எழுதி வெச்சு ஒரு வாரம் கழிச்சு பாத்தாதான் தெரியும். கேஸை இறக்கணும்.

ஆயில்ல பளபளன்னு மெட்டல் துகள், செதில் வந்தா நிறுத்திட்டு கேஸ் பிரிக்கற ஆள்கிட்ட போங்க. காந்தத்துல ஒட்டற சாம்பல் கலர் பேஸ்ட் வேற, அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

## டக்குனு ஒரு அடி, கியர் போட்டதும்

ஸ்லிப் யோக் காஞ்சிருக்கா பாருங்க, கிரீஸ் போட்டு பாதி வண்டி குணமாயிடும். அடுத்தது கிராஸ். அடுத்தது கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர், புது ஸ்கிட் பிளேட்ல மவுண்ட் ஓட்டை சரியா சேராம ரப்பரை இழுத்து மாட்டியிருந்தா மூணு மாசத்துல கிழியும். ஜிப்ஸி, சமுராய் மாதிரி கேஸ் தனியா மூணு கை மவுண்ட்ல தொங்கற வண்டியில அந்த மூணையும் ஒவ்வொண்ணா கம்பி வெச்சு நெம்பிப் பாருங்க.

தடிமனான ரிங் போட்டிருந்தா ஒரு கெட்ட சந்தேகம் வருது. கேஸ் பின்னாடி தள்ளிப் போனதால கியர்பாக்ஸ் ஷாஃப்ட் இன்புட் கியர் ஸ்ப்ளைனுக்குள்ள முன்ன மாதிரி முழுசா போகல, நுனியில மட்டும் பிடிச்சிட்டிருக்கு. இந்த டக்குங்கற அடி நாளுக்கு நாள் பெருசாகும், ஒரு நாள் வண்டி நகராது. அடி வளர்ந்துட்டே போகுதுன்னா கேஸை இறக்கி ஸ்ப்ளைன்ல உரசின நீளத்தை அளங்க. நீளமான இன்புட் கியர் கிடைச்சா அதுதான் மருந்து, மாட்டறது தெரிஞ்ச ஆள் வேலை.

4 லோல ஏத்தத்துல மட்டும் படபடன்னு பல்லு தாண்டற சத்தம்னா செயின் நீண்டுடுச்சு. அதுக்கு கிளாக்கிங் பொறுப்பு இல்ல, வயசாச்சு, அவ்வளவுதான்.

## முன்னாடி இருந்து கரகர சத்தம், ரேடியேட்டர் பக்கம்

கேஸை தூக்கினதுக்கும் ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். வாலை தூக்கினா இஞ்சின் மவுண்ட்டை அச்சா வெச்சு இஞ்சின் மூக்கு கீழ போகும், ஃபேன் ஷ்ரவுடோட (ஃபேனை சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கூடு) கீழ் விளிம்பை சொறியும். உள்பக்கம் டார்ச் அடிச்சா பிளாஸ்டிக்ல பிறை மாதிரி வெள்ளைக் கீறல் தெரியும். ஷ்ரவுடை கீழ இறக்கி மாட்டுங்க, பத்தலன்னா ஒரு இன்ச் மோட்டார் மவுண்ட் லிஃப்ட். ரேடியேட்டர்ல ஃபேன் தொட்டுட்டா நேரா செலவுதான், அதுனால இந்த சத்தம் கேட்ட அன்னைக்கே பாத்துடுங்க.

## ஃப்ளோர்ல இருந்து உறுமல், உள்ள பேச முடியல

கேஸ் எங்கயோ பாடியை தொடுது. நிக்கறப்ப விரல் போற இடைவெளி இருக்கும், ஆனா லோல மிதிச்சா இஞ்சின் முறுக்கிக்கிட்டு கேஸ் ஃப்ளோர்ல அடிக்கும். சந்தேகப்படற இடத்துல குழந்தைங்க விளையாடற களிமண் உருண்டையை ஒட்டி ஒரு ஏத்தம் ஏறிட்டு வாங்க, எவ்வளவு நசுங்கிருக்கோ அதுதான் உங்க உண்மையான இடைவெளி. நான் அரை இன்ச்சுக்கு கம்மியா விடறதில்ல. சைலன்சர் பைப், பிரேக் லைன், பெட்ரோல் லைன் இதுங்களுக்கும் அதே களிமண் டெஸ்ட்.

முன் ஷாஃப்டுக்கு தனியா ஒண்ணு செய்யணும். சேஸிஸை ஸ்டாண்ட்ல வெச்சு முன் ஆக்ஸிலை முழுசா தொங்க விட்டு, ஷாஃப்டை கையால ஒரு முழு சுத்து சுத்துங்க. எங்கயாவது பிடிச்சா ஜாயிண்ட் யோக்ல முட்டுது, இல்லன்னா ஷாஃப்ட் சைலன்சர்லயோ கிராஸ்மெம்பர்லயோ உரசுது. அதே நிலையில ஸ்லிப் எவ்வளவு வெளிய வந்திருக்குன்னும் பாருங்க. கொஞ்சமா பிடிச்சா லிமிட் ஸ்ட்ராப் போட்டு தொங்கறதை குறைக்கலாம், யோக்கை கிரைண்டர்ல தேய்க்கற ஐடியாவை நான் சொல்ல மாட்டேன்.

## 4வீல் லைட் எரியல, முன் டயர் இழுக்கல, ஸ்பீடோ பொய் சொல்லுது

லைட் மட்டும் எரியலன்னா கேஸ் மேல இருக்கற சுவிட்ச் வயர், இழுபட்டு கழண்டிருக்கும்.

லீவர் விழுது, ஷாஃப்ட் சுத்துது, டயர் மட்டும் இழுக்கலன்னா ராங்ளர் ஒய்ஜே மாதிரி வேக்குவம்ல முன் ஆக்ஸிலை சேக்கற வண்டியா பாருங்க. கேஸ்ல இருந்து போற வேக்குவம் ஹோஸ் கழண்டிருக்கும், இல்ல ப்ரீதர் மாதிரியே நசுங்கியிருக்கும்.

ஸ்பீடோ தப்பா காட்டுதுன்னா, என்பி231ல ஸ்பீடோ கியர் அடாப்டர்ல 26-31, 32-38, 39-45னு பல்லு எண்ணிக்கை பொறிச்சிருக்கும், உங்க கியருக்கு உள்ள எண் கீழ 6 மணி இடத்துல வர்ற மாதிரி மாட்டணும்னு மேனுவல் சொல்லும். மேனுவல் சொல்ற 6 மணி, கேஸ் திருப்பாம இருக்கறப்ப உள்ள 6 மணி. கிளாக்கிங் பண்ண வண்டியில கேஸ் எவ்வளவு திரும்பிச்சோ அடாப்டரும் அவ்வளவு திரும்பித்தான் நிக்கணும், அதை நேரா கீழ பாத்து மாட்டினா பல்லு சரியா சேராம பிளாஸ்டிக் கியரை மென்னுடும்.